குளிர் தாங்கும் பயிருக்கு ஆய்வகம் மட்டும் போதாது

1993ஆம் ஆண்டு கோடையில் வடக்கு ஜப்பானின் வயல்களில் நெற்பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. அறுக்கப் போனபோது கதிரில் மணி இல்லை. ஓகோட்ஸ்க் கடல் பக்கமிருந்து வரும் 'யாமாசே' என்ற ஈரக் குளிர்காற்று வாரக்கணக்கில் வீசியதில் பெரும்பரப்பு சாவியாகிப் போயிருந்தது. 1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது வானில் பரவிய கந்தகத் துகள்களும் அந்தக் குளிருக்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. வழக்கமான விளைச்சலை 100 என்று கொண்டால், அந்த ஆண்டு நாடு முழுவதற்குமான விளைச்சல் 74. வடகோடியான ஹொக்கைடோவில் 40 மட்டுமே. வெளிநாட்டு அரிசி உள்ளே வராமல் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்த ஜப்பான், தாய்லாந்து, சீனா, அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து ஏறத்தாழ 25 லட்சம் டன் அரிசியை அவசரமாக இறக்குமதி செய்ய நேர்ந்தது. உரத்துக்கோ பாசனத்துக்கோ இயந்திரத்துக்கோ அங்கே பஞ்சமில்லை. விதைக்குள் இருந்திருக்க வேண்டிய ஒரு குணம் பல வயல்களில் இல்லாமல் போனதுதான் கோளாறு. அந்தக் குணத்தை விதைக்குள் கொண்டுவர இன்று மரபணுக் குறிப்பான்கள், ஆய்வாளர்கள் பேச்சில் 'மார்க்கர்கள்', துணைக்கு வந்திருக்கின்றன. அவை வந்துவிட்டதால் பழைய விதைச் சேகரிப்பும் வயல்வெளி ஆய்வும் இனி இரண்டாம்பட்சம் என்ற எண்ணம் பரவுவது ஆபத்தானது. குளிர் தாங்கும் பயிர்களின் வரலாறு அதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது: மார்க்கர் வந்த பிறகுதான் இவை இரண்டின் தேவையும் கூடியிருக்கிறது.

செடிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். நெல்லுக்குக் குளிர் மிக மோசமாக உறைப்பது சூல் கட்டும் பருவத்தில். கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு முன், இளங்கதிர் இலையுறைக்குள் மறைந்திருக்கும்போது, மகரந்தப்பைகளில் மகரந்தத் துகள்கள் உருவாகத் தொடங்குகின்றன. அப்போது வெப்பநிலை சில நாட்கள் தொடர்ந்து 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால், மகரந்தத்துக்கு ஊட்டம் தரும் உட்சுவர்த் திசு தாறுமாறாக வீங்கி, மகரந்தம் மலடாகிவிடுகிறது. செடி சாவதில்லை, இலை வாடுவதுமில்லை. கதிர் வெளிவந்த பின், பால் பிடித்துத் தலைசாய வேண்டிய நாட்களில் விறைத்து நிமிர்ந்தே நிற்கும். அப்போதுதான் நடந்தது தெரியும். அதற்குள் செய்வதற்கு எதுவும் மிச்சமிருக்காது. வடக்கு ஜப்பானின் விவசாயிகள் இதற்கு ஒரு மாற்று வைத்திருக்கிறார்கள். குளிர் வரப்போகிறது என்று தெரிந்தால் வரப்பை உயர்த்தி 20 சென்டிமீட்டர் வரை தண்ணீர் கட்டுவார்கள். காற்றைவிட நீர் மெதுவாகக் குளிர்வதால், தண்டின் அடிப்பகுதியில் இருக்கும் இளங்கதிர் ஓரளவு தப்பிக்கும். நல்ல உத்திதான், ஆனால் குளிர் நீடித்தால் அந்தத் தண்ணீரும் குளிர்ந்துவிடும். அதன் பிறகு கைகொடுக்கக்கூடியது விதையின் குணம் ஒன்றுதான்.

அந்த 1993இலேயே இதற்கு நேரடிச் சான்று கிடைத்தது. வடகிழக்கு ஜப்பானில் அப்போது பெரும்புகழ் பெற்றிருந்த ரகம் 'சசானிஷிகி'. சுவைக்குப் பெயர்போனது, நாட்டின் மொத்தச் சாகுபடிப் பரப்பில் இரண்டாம் இடம் வரை வந்தது. அந்தக் குளிரில் அது படுத்துவிட்டது. அதே வட்டாரத்தில் புதிதாக அறிமுகமாகியிருந்த 'ஹிதோமெபோரே' குளிரைப் பெரிதும் தாங்கி நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் சசானிஷிகி இருந்த வயல்களை ஹிதோமெபோரே பிடித்துக்கொண்டது. இந்த ரகத்தை உருவாக்கியவர்களிடம் மார்க்கர் இருக்கவில்லை. மியாகி மாகாணத்தின் ஃபுருகாவா ஆய்வுப் பண்ணையில் ஏறத்தாழ 19 டிகிரியில் நிலைநிறுத்தப்பட்ட குளிர்நீரை வயலில் ஆழமாகக் கட்டி, அதில் ஆயிரக்கணக்கான செடிகளை வளர்த்து, ஒவ்வொன்றின் கதிரிலும் எத்தனை மணி பிடித்தது, எத்தனை பதராயிற்று என்று எண்ணிப் பார்க்கும் முறை அங்கே வளர்ந்திருந்தது. இத்தகைய பொறுமையான கணக்கெடுப்புதான் அந்த வட்டாரத்துக்குக் குளிர் தாங்கும் ரகங்களைத் தந்தது. இம்முறைக்கு வரம்புகளும் உண்டு. ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் சோதிக்க முடியும். செடி கதிர் தள்ளும் வரை காத்திருக்க வேண்டும். சில செடிகள் குளிர் விலகிய பின் தாமதமாகச் சூல் கட்டி, தாங்கும் குணம் இல்லாமலேயே தப்பிவிடும். அவற்றைத் தவறித் தேர்ந்தெடுத்துவிட வாய்ப்பு அதிகம். மார்க்கரின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

மார்க்கர் என்பது டிஎன்ஏ இழையில் ஆளுக்கு ஆள், ரகத்துக்கு ரகம் வேறுபடும் ஒரு சிறு இடம். அந்த இடம் தனியே எந்தக் குணத்தையும் தராமல் இருக்கலாம். நமக்கு வேண்டிய மரபணுவுக்கு மிக அருகில் அது அமைந்திருந்தால், இரண்டும் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் சேர்ந்தே கடத்தப்படும். தெருவில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்கக் கதவிலக்கம் உதவுவதுபோல, மரபணு இருக்கும் இடத்தை மார்க்கர் காட்டுகிறது. நாற்று இரண்டு மூன்று இலை விட்டதும் இலையில் ஒரு நறுக்கு எடுத்து, டிஎன்ஏவைப் பிரித்துச் சோதித்தால், குளிர் தாங்கும் வடிவம் அந்த நாற்றில் இருக்கிறதா என்று சில நாட்களில் தெரிந்துவிடும். இல்லாதவற்றை நடவுக்கு முன்பே கழித்துவிடலாம். குளிர் வராத ஆண்டிலும் குளிர் தாங்கும் செடியைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு நல்ல ரகத்துக்குள் ஒரே ஒரு குணத்தை மட்டும் புகுத்த, மீண்டும் மீண்டும் அதே ரகத்தோடு கலப்புச் செய்யும் வேலை ஆறேழு தலைமுறை பிடிக்கும். மார்க்கரின் துணையோடு அதை மூன்று தலைமுறைக்குள் அடக்கிவிட முடிகிறது. இவையெல்லாம் உண்மையான லாபங்கள். ஆனால் எந்த மரபணுவைத் தேடுவது, அது எந்த விதையில் இருக்கிறது என்ற கேள்விகளுக்கு மார்க்கரிடம் விடை கிடையாது.

அந்த விடை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஹொக்கைடோவே சிறந்த எடுத்துக்காட்டு. சூல் பருவக் குளிரைத் தாங்கும் மரபணுவைத் தேடிய ஜப்பானிய ஆய்வாளர்களுக்கு அது குளிர்நாட்டு ரகங்களில் மட்டும் கிடைக்கவில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தோனேசியாவின் 'சிலேவா' என்ற நாட்டு ரகத்திலும் கிடைத்தது. வெப்பமண்டல நாட்டிலிருந்து குளிர் தாங்கும் குணம் கிடைக்கும் என்று யாரும் வரைபடத்தைப் பார்த்து ஊகித்திருக்க முடியாது. பல நாட்டு விதைகளைச் சேகரித்துக் குளிர்நீரில் வளர்த்துப் பார்த்ததால்தான் அது தெரியவந்தது. அந்த ரகத்தை அப்படியே ஹொக்கைடோவில் விதைத்தால் அங்குள்ள குறுகிய கோடைக்குள் அது பயன் தராது. எனவே அதன் குரோமோசோம் துண்டுகளைக் கலப்பு வழியாக உள்ளூர் நெல்லுக்குள் கொண்டுவந்து 'நோரின்-பிஎல்8' என்ற தாய் வரிசையை உருவாக்கினார்கள். இது விவசாயியின் வயலுக்கான ரகமாக வரவில்லை. அடுத்த ரகங்களைப் பெற்றெடுப்பதற்கான இடைநிலைப் பெற்றோராகவே வந்தது. அதற்குப் பின்னர்தான் மார்க்கர்கள் வேலையைத் தொடங்கின. 2001இல் குளிர் தாங்கும் குணத்துக்குக் காரணமான இரண்டு இடங்கள் 4ஆம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. நீளமான மகரந்தப்பைக்கும் குளிர் தாங்கும் குணத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதும் புலப்பட்டது. தேடலை மேலும் குறுக்கி, 2010இல் மரபணுவையே தனியே அடையாளம் கண்டார்கள். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் விதை, அடுத்து வயல், கடைசியில் மார்க்கர்.

சீனாவிலும் இதே கதைதான். சூல் பருவத்தில் குளிர் தாங்கும் இன்னொரு மரபணு 2017இல் அறிவிக்கப்பட்டது. அது கிடைத்தது யுன்னான் மேட்டுநிலத்தின் 'குன்மிங் ஷியாவ்பாய்கு' என்ற பழைய நாட்டு நெல்லில். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், நாற்றுப் பருவத்தில் குளிரை உணர்ந்து செடியை எச்சரிக்கும் 'கோல்ட்1' என்ற மரபணுவை பெய்ஜிங் தாவரவியல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த மரபணுவில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாறியிருப்பதால் குளிர் தாங்கும் திறனில் பெரிய வேறுபாடு வருகிறது என்றும், அந்த வடிவம் சீனாவின் காட்டு நெல்லிலிருந்து ஜப்போனிகா என்ற நெல் வகைக்கு வந்து சேர்ந்தது என்றும் அவர்கள் காட்டினார்கள். கோதுமையை எடுத்துக்கொண்டாலும் இதுவே. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம் குளிர்காலக் கோதுமையின் களஞ்சியமானதற்கு வேர், 1870களில் அன்றைய ரஷ்யப் பேரரசின் தென்பகுதியிலிருந்து குடியேறிய மென்னோனைட் விவசாயிகள் கொண்டுவந்த 'டர்க்கி' கோதுமை. கடுங்குளிரைத் தாங்கிய அந்த விதை, இன்றைய பல அமெரிக்க ரகங்களின் மூதாதை. காட்டு நெல், மேட்டுநில நெல், குடியேறிகளின் விதை என்று எங்கே பார்த்தாலும், குணம் ஏற்கனவே யாரோ காத்துவைத்த விதையில் இருந்திருக்கிறது. அந்த விதை தொலைந்திருந்தால் எந்த மார்க்கராலும் அதைத் திரும்ப உண்டாக்கியிருக்க முடியாது.

குளிர் தாங்குவது ஒற்றைக் குணமாகவும் இருப்பதில்லை. அதனால்தான் வயல் ஆய்வைத் தவிர்க்க முடியாமல் போகிறது. நெல்லில் நாற்று மஞ்சளாகாமல் தப்புவது ஒன்று, சூல் பருவத்தில் மகரந்தம் பிழைப்பது வேறொன்று. குளிர்காலக் கோதுமையிலோ கேள்வியே வேறு. இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமை, மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும் குருத்தடியில் உயிரைப் பிடித்துக்கொண்டு பனிக்காலம் முழுவதையும் கடக்க வேண்டும். படிப்படியாகக் குளிரும் வாரங்களில் அது சர்க்கரைகளைச் சேர்க்கிறது, செல் சவ்வுகளை மாற்றியமைக்கிறது, காப்புப் புரதங்களை உருவாக்குகிறது. இப்படி உரமேறிய நல்ல ரகம் மைனஸ் 20 டிகிரி வரையிலும் பிழைக்கக்கூடும். உரமேறாத அதே செடி உறைநிலைக்குக் கீழே சில டிகிரியிலேயே மடிந்துவிடும். இதற்கான முக்கிய மரபணுத் தொகுப்புகள் 5ஆம் குரோமோசோம் கூட்டத்தில் இருப்பது கோதுமையிலும் பார்லியிலும் நன்கு நிறுவப்பட்டுள்ளது. அதில் ஒரு தொகுப்பு 'சிபிஎஃப்' எனப்படும் கட்டுப்பாட்டு மரபணுக்களின் கொத்து. இன்னொன்று செடி எப்போது பூக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மரபணுவோடு பிணைந்தது. ஆஸ்திரேலியாவில் கதிர் வந்த பின் விழும் உறைபனிதான் கோதுமையைக் கெடுக்கிறது. குருத்தடியைக் காக்கும் மரபணு அங்கே அதே அளவுக்குக் கைகொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே, எந்த ஊரில், எந்தப் பருவத்தில், எந்தக் குளிர் என்று தெரியாமல் மார்க்கரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதைச் சொல்லக்கூடியது அந்தந்த வட்டாரத்து ஆய்வுப் பண்ணை ஒன்றே.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். குளிர் தாங்கும் குணத்தைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. ஓரிரு மார்க்கர்களை வைத்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும் என்பது அது. இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஒரு கலப்பில் பெரிய பலன் காட்டிய இடம், வேறொரு ரகத்துக்குள் போனதும் பலனற்றுப் போன அனுபவம் பயிர் ஆராய்ச்சியில் ஏராளம். குளிர் தாங்கும் மரபணுக்கள் சில, அதிகமாக வேலை செய்தால் செடியைக் குள்ளமாக்கி, பூப்பதைத் தாமதமாக்குவதும் அறியப்பட்டதுதான். இதற்கு ஆய்வுலகம் கண்டிருக்கும் பதில் மரபணுத்தொகுதி முழுவதையும் கணக்கில் எடுக்கும் தேர்வு. 2001இல் மியூவிசன், ஹேய்ஸ், காடர்ட் ஆகியோர் முன்வைத்த இந்த முறையில், ஓரிரு மார்க்கர்களுக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான மார்க்கர்களின் சிறுசிறு பங்குகளைக் கூட்டி, செடியின் திறன் மதிப்பிடப்படுகிறது. மனித மரபணுத்தொகுதியைப் போல ஐந்து மடங்கு பெரியதான கோதுமையின் மரபணு வரைபடம் 2018இல் வெளியானதும் இந்த வேலை எளிதாயிற்று. ஆனால் இந்தக் கணக்கு தானாக ஓடாது. நூற்றுக்கணக்கான வரிசைகளைப் பல இடங்களில், பல குளிர்காலங்களில் வளர்த்து, எது பிழைத்தது, எது செத்தது என்று பதிவு செய்த தரவுதான் அதற்கு ஆதாரம். வயலில் எடுத்த அளவு பிசகினால் கணினி தரும் மதிப்பீடும் பிசகும். புதிய முறை எவ்வளவு கூர்மையாகிறதோ, அந்த அளவுக்கு வயல் தரவின் மீதான சார்பு கூடுகிறது. மறுப்பு மார்க்கரின் பலவீனத்தைச் சரியாகக் காட்டுகிறது. ஆனால் அது சுட்டும் தீர்வு மார்க்கரைக் கைவிடுவதில் இல்லை, வயலைப் பலப்படுத்துவதில் இருக்கிறது.

பூமியே சூடேறிவரும்போது குளிர் தாங்கும் பயிருக்கு ஏன் பணம் செலவிட வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. சராசரி வெப்பநிலை உயர்வதும் உறைபனி ஆபத்து குறைவதும் ஒன்றல்ல. 2007 மார்ச் மாதம் அமெரிக்காவின் பெரும்பகுதியில் வழக்கத்துக்கு மாறான வெப்பம் நிலவியது. கோதுமையும் பழமரங்களும் முன்கூட்டியே விழித்து வளர ஆரம்பித்தன. ஏப்ரல் தொடக்கத்தில் ஈஸ்டர் வாரத்தில் திடீரென்று உறைபனி விழுந்தது. தண்டு நீண்டு கதிர் மேலெழுந்திருந்த கோதுமை வயல்கள் கருகின. பழத்தோட்டங்களையும் சேர்த்து வேளாண் இழப்பு 200 கோடி டாலரைத் தாண்டியது. மிதமான குளிர்காலம் செடியை உரமேற விடாமல் செய்து, பின்னால் வரும் ஓரிரவுக் குளிருக்கு அதைப் பலிகொடுத்துவிடும். இந்தியாவிலும் இது அந்நியமான கவலையாக இல்லை. வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் போரோ நெல்லின் நாற்றங்கால் டிசம்பர், ஜனவரிக் குளிரில் மஞ்சளாகி மடிவது பழைய தொல்லை. காஷ்மீரிலும் இமாச்சலத்திலும் பனி உருகிவரும் குளிர்நீரே நெல்லுக்குப் பாசனம். வெப்பத்தைத் தாங்கும் பயிர் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அதற்காகக் குளிரை மறந்துவிட்டால், தட்பவெப்பத்தின் ஒரு முனையில் மட்டும் காவல் போட்டவர்களாவோம்.

இன்னொரு அச்சம் பொதுமக்களிடம் பரவலாக இருக்கிறது: மரபணு என்ற சொல் வந்தாலே மரபணு மாற்றப் பயிர் என்று எடுத்துக்கொள்வது. மார்க்கர் முறையில் வேற்று உயிரினத்தின் மரபணு எதுவும் உள்ளே செருகப்படுவதில்லை. ஒரு ரகத்தின் மகரந்தம் இன்னொரு ரகத்தின் சூல்முடியில் சேர்க்கப்படுகிறது. பிறக்கும் பிள்ளைகளில் எதை வைத்துக்கொள்வது என்பதை முடிவுசெய்ய மட்டுமே டிஎன்ஏ சோதனை பயன்படுகிறது. இந்த முறையில் வந்த நெல் தமிழ்நாட்டு வயல்களிலேயே விளைகிறது. ஒடிசாவின் 'எஃப்ஆர்13ஏ' என்ற வெள்ளம் தாங்கும் நெல், விளைச்சல் குறைவு என்பதால் சாகுபடிக்கு எடுபடாமல் நெடுங்காலம் சேகரிப்பில் இருந்தது. அதன் வெள்ளம் தாங்கும் குணம் 9ஆம் குரோமோசோமில் இருப்பது 1990களில் தெரிந்து, 2006இல் மரபணு அடையாளம் காணப்பட்டது. மார்க்கர் துணையோடு 'ஸ்வர்ணா' ரகத்துக்குள் அதைக் கொண்டுவந்து, 2009இல் 'ஸ்வர்ணா-சப்1' இந்தியாவில் வெளியிடப்பட்டது. இரண்டு வாரம் தண்ணீரில் மூழ்கியும் பிழைக்கும் அதே குணம், காவிரி டெல்டாவின் சம்பா விவசாயிகள் நன்கறிந்த சிஆர் 1009 ரகத்துக்குள்ளும் புகுத்தப்பட்டு, 'சிஆர் 1009 சப்1' ஆனது. வெள்ளத்துக்குப் பலித்த வழி குளிருக்கும் பலிக்கும், பாடமும் அதுவேதான். ஒடிசா விவசாயியின் நெல்லை யாரும் சேகரிக்காமல் விட்டிருந்தால், ஸ்வர்ணாவுக்குள்ளும் சிஆர் 1009க்குள்ளும் கொண்டுவர எதுவும் இருந்திருக்காது.

மிகக் கனமான கேள்வி உரிமை பற்றியது. ஒரு நாட்டின் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காத்த நெல்லிலிருந்து மரபணு எடுக்கப்பட்டு, வேறொரு நாட்டில் ரகமாகி, அதன் மீது தனியார் நிறுவனம் காப்புரிமை கோரினால், விதையைக் காத்தவர்களுக்கு என்ன கிடைக்கும்? உணவுப் பயிர்களின் மரபு வளங்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2004இல் நடைமுறைக்கு வந்தது. விதைகளைப் பகிர்ந்துகொள்ளவும், பலன்களில் பங்கு தரவும் அது வழிவகுத்தது. ஆனால் இன்று விதையையே அனுப்பத் தேவையில்லாமல், அதன் டிஎன்ஏ எழுத்து வரிசையைக் கணினியில் பார்த்துப் பயன்படுத்திவிட முடிகிறது. 2022இல் மான்ட்ரியலில் கூடிய பல்லுயிர் மாநாடு, இத்தகைய பயன்பாட்டிலிருந்து வரும் பலனைப் பகிர ஒரு நிதியம் வேண்டும் என்று ஒப்புக்கொண்டது இதனால்தான். இந்தக் கேள்வியைச் சொல்லி மார்க்கர் முறையையே மறுப்பது சரியாகாது. மறுத்தால், அந்த அறிவு தனியார் கைகளில் மட்டும் தங்கிவிடும். அரசுப் பல்கலைக்கழகங்களும் பொது ஆய்வு நிலையங்களும் கண்டறியும் மார்க்கர்கள் யாரும் பயன்படுத்தும்படி வெளியிடப்பட வேண்டும். எந்த வட்டாரத்து விதையிலிருந்து குணம் வந்தது என்பது ரகத்தின் ஆவணத்தில் பதிவாக வேண்டும். 2001இன் இந்தியப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயியின் உரிமையை அங்கீகரித்திருப்பது நல்ல அடித்தளம். அதை மார்க்கர் யுகத்துக்கும் நீட்டிப்பதுதான் நம் முன்னிருக்கும் வேலை.

விதையையும் பொறுமையையும் புறக்கணித்தால் என்ன நடக்கும் என்பதற்கு வரலாறு ஒரு கொடிய எடுத்துக்காட்டை வைத்திருக்கிறது. அதுவும் இதே குளிர்காலக் கோதுமையைச் சுற்றித்தான் நடந்தது. 1920களின் இறுதியில் உக்ரைனில் குளிர்காலக் கோதுமை பெருமளவு பனியில் மடிந்தது. உலகெங்கும் விதை சேகரித்து லெனின்கிராடில் மாபெரும் சேகரிப்பை உருவாக்கியிருந்த நிகோலாய் வவிலோவ், புதிய ரகம் உருவாக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும் என்ற உண்மையை மறைக்கவில்லை. விதையைக் குளிர்வித்தே பயிரின் இயல்பை மாற்றிவிடலாம், சில ஆண்டுகளில் ரகம் தரலாம் என்றார் வேளாண் ஆய்வாளர் லைசென்கோ. அரசு லைசென்கோவை நம்பியது. வவிலோவ் 1940இல் கைதாகி, 1943இல் சரடோவ் சிறையில் இறந்தார். 1948இல் சோவியத் நாட்டில் மரபியலே தடைசெய்யப்பட்டது. லெனின்கிராட் முற்றுகையின்போது வவிலோவின் சேகரிப்பைக் காத்த நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர், பக்கத்திலேயே மூட்டை மூட்டையாகத் தானியம் இருந்தும் அதைத் தொடாமல் பட்டினியால் இறந்தார்கள். அவர்கள் காத்த சேகரிப்பு இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. அண்மைக் காலத்தில் சிரியப் போரின்போது அலெப்போ அருகே இருந்த இக்கார்டா என்ற சர்வதேச வேளாண் ஆய்வு மையத்தின் விதை வங்கியை அதன் ஆய்வாளர்கள் பயன்படுத்த முடியாமல் போனது. கோதுமை, பார்லி விதைகளின் நகல்கள் நார்வேயின் ஸ்வால்பார்ட் பெட்டகத்தில் இருந்ததால், 2015இல் அவற்றை எடுத்து மொராக்கோவிலும் லெபனானிலும் மீண்டும் வளர்க்க முடிந்தது. நகல் இல்லாத சேகரிப்புக்கு அந்த வாய்ப்பு கிடைத்திருக்காது.

இதிலிருந்து கொள்கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவு. டிஎன்ஏ வரிசைப்படுத்தும் கருவிக்கு நிதி கேட்பது எளிது. கருவி கண்ணுக்குத் தெரியும், திறப்பு விழா நடத்தலாம். விதை வங்கியின் குளிர்பதன அறைக்குத் தடையில்லா மின்சாரமும், பழைய விதைகளை அவ்வப்போது விதைத்துப் புதுப்பிக்கும் கூலியும், மலைப்பகுதி ஆய்வுப் பண்ணையில் கதிர் எண்ணும் உதவியாளரின் சம்பளமும் அப்படிக் கண்ணில் படுவதில்லை. ஆகவே ஆய்வகத்துக்கான ஒவ்வொரு திட்டத்திலும் விதைச் சேகரிப்புக்கும் வயல் சோதனைக்கும் உரிய பங்கு கட்டாயமாக ஒதுக்கப்பட வேண்டும். டெல்லியில் உள்ள தேசிய மரபணு வங்கியில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் உறங்குகின்றன. அவற்றில் நெல், கோதுமை, பார்லி மாதிரிகளைக் காஷ்மீர், இமாச்சலம், போரோ பகுதி ஆகிய இடங்களில் முறையாக வளர்த்து, எது எந்தப் பருவத்தில் குளிர் தாங்குகிறது என்று பதிவு செய்வதே முதல் வேலை. அந்தப் பதிவு இல்லாமல் வாங்கும் கருவி, தேடுவதற்கு எதுவும் தெரியாமல் நிற்கும். பயிர் இனவிருத்தியாளராகப் படிப்பவர் கணினித் தரவையும் கதிரின் மணியையும் ஒருசேரப் படிக்கக் கற்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் அறிந்தவரால் இந்த வேலை முடியாது. மார்க்கர் நமக்கு மிச்சப்படுத்திக் கொடுப்பது காலத்தை. அந்தக் காலத்தைச் சேமிப்பதற்கு ஆன செலவைக் காரணம் காட்டி விதையையும் வயலையும் பட்டினி போட்டால், அடுத்த குளிர் ஆண்டு வரும்போது நம்மிடம் மிக விரைவான தேர்வு முறை இருக்கும். தேர்ந்தெடுக்கத் தகுந்த விதை இருக்காது. அரசுகள் இன்று நிதி ஒதுக்கும்போதே விதை, வயல், மார்க்கர் ஆகிய மூன்றையும் ஒரே வேலையாகக் கருதி ஒதுக்க வேண்டும்.